பேரன் வேறு, பாட்டன் வேறு

கேள்வி: எங்கள் வீட்டில் பதின்மூன்று வருடம் இருந்த நாய் போன மாதம் செத்துப்போனது. அமெரிக்காவில் 50,000 டொலர் கொடுத்தால் அதே நாயைக் குளோனிங் செய்து திரும்பத் தருகிறார்களாம். நாயை மீட்கலாம் என்றால் கடலில் போன என் தம்பியையும் ஒருநாள் மீட்கலாம்தானே? அறம், கடவுள் என்று சொல்லி விஞ்ஞானத்துக்குக் குறுக்கே நிற்பது உங்களைப் போல எழுதுகிறவர்கள்தானே?
- ஒரு வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: உங்கள் தம்பிக்காக முதலில் வருந்துகிறேன். திருமலையில் மாலை போட்ட படம் இல்லாத வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கடல் கொண்டுபோனவர்கள் பாதி, சண்டை கொண்டுபோனவர்கள் பாதி. ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அவர்கள் தருவது அதே நாய் இல்லை. உங்கள் தம்பியும் அந்த வழியால் வரமாட்டார்.

குளோனிங் என்றதும் போட்டோக்கொப்பிக் கடை ஞாபகம் வந்துவிடுகிறது. நடப்பது வேறு. ஒரு விலங்கின் தோலிலிருந்தோ மடியிலிருந்தோ ஒரு கலத்தை எடுக்கிறார்கள். இன்னொரு பெண் விலங்கின் முட்டையிலிருந்து, மரபணுக்கள் அடங்கிய நடுப்பகுதியான கருவை உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த வெறும் முட்டையோடு இந்தக் கலத்தை மின்னதிர்வு கொடுத்து இணைக்கிறார்கள். அது பிரிந்து வளரத் தொடங்கினால் மூன்றாவது விலங்கொன்றின் கருப்பையில் வைக்கிறார்கள். கடைசியில் பிறப்பது ஒரு குட்டி. உங்கள் மோட்டார் சைக்கிள் சத்தம் அதற்குத் தெரியாது, வீட்டு வாசல் தெரியாது, உங்களையும் தெரியாது. பதின்மூன்று வருடம் பிந்திப் பிறந்த இரட்டை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

உருவமாவது அச்சாக இருக்குமா? அதற்கும் உத்தரவாதம் இல்லை. எங்கள் அலுவலகப் படியில் வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் மூன்றும் கலந்த பூனை ஒன்று தினமும் வந்து படுக்கும். அதே மாதிரி மூன்று நிறப் பூனை ஒன்றைத்தான் 2001 டிசம்பரில் டெக்சாஸில் குளோன் செய்தார்கள். பிறந்த குட்டியில் செம்மஞ்சள் நிறமே இல்லை. பெண் பூனையின் ஒவ்வொரு கலத்திலும், மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான எக்ஸ் நிறமூர்த்தங்கள் இரண்டில் ஒன்று உறங்கிவிடும். செம்மஞ்சளைச் சுமக்கும் எக்ஸ் உறங்கிப்போன கலம்தான் அன்று எடுத்தவர்களின் கையில் அகப்பட்டது. மரபணு முழுவதும் ஒன்றாக இருந்தும் தோலின் நிறமே மாறிப்போனது என்றால், குணத்தைப் பற்றி என்ன சொல்வது?

சரி, இனி கணக்குக்கு வருவோம். உலகின் முதல் குளோன் நாயான ஸ்னப்பி 2005ல் தென் கொரியாவில் பிறந்தது. அதற்காக 1,095 முளையங்களை, அதாவது இப்படி இணைத்து உருவாக்கிய ஆரம்பநிலைக் கருக்களை, 123 பெட்டை நாய்களின் வயிற்றில் வைத்தார்கள். சினைப்பட்டவை மூன்று. உயிரோடு பிறந்தவை இரண்டு. அதில் ஒன்று மூன்று வாரத்தில் நியூமோனியாவால் செத்தது. அதற்கு ஒன்பது வருடம் முன்பு, ஸ்கொட்லாந்தின் ரொஸ்லின் நிறுவனத்தில் பிறந்த டொலி என்ற ஆடும் 277 முயற்சிகளில் தேறிய ஒன்றுதான்.

பிழைக்காத மற்றவற்றுக்கு என்ன நடக்கிறது என்பதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. தம்பலகாமத்தில் ஒரு நண்பரின் பட்டியில், வயிற்றில் கன்று பெருத்துப்போய் ஈன முடியாமல் ஒரு எருமை விடியும்வரை கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். முன்னங்கால் இரண்டும் வெளியே வந்துவிட்டன, தலை வரவில்லை. நான்கு பேர் கயிறு கட்டி இழுத்தோம். அதன் முனகல் இன்றைக்கும் காதில் நிற்கிறது. அது சாதாரணச் சினை, எப்போதாவது நடப்பது. குளோன் செய்த மாடுகளில் இப்படிக் கன்று பெருப்பதும் நஞ்சுக்கொடி கெட்டுப்போவதும் அடிக்கடி நடக்கிற சங்கதி. இதே கணக்கை மனுசிக்குப் போட்டுப் பாருங்கள். எத்தனை பெண்கள், எத்தனை கருச்சிதைவு, பிறந்து மூச்சுவிட முடியாத எத்தனை பிள்ளைகள்? எந்தத் தாயிடம் போய் இதைக் கேட்பது?

குறுக்கே நிற்பது யார் என்று கேட்டீர்கள். டொலியை உருவாக்கிய குழுவின் தலைவர் இயன் வில்மட்டே, மனிதரைக் குளோன் செய்யக்கூடாது என்று 2001ல் பகிரங்கமாக எழுதினார். அவர் விஞ்ஞானத்துக்கு எதிரியா? மறுபக்கம், ஸ்னப்பியை உருவாக்கிய ஹுவாங் வூ சுக், மனித முளையத்தைக் குளோன் செய்து, உடம்பின் எந்தக் கலமாகவும் மாறக்கூடிய தண்டுக்கலத்தை அதிலிருந்து எடுத்ததாக 2004இலும் 2005இலும் அறிவித்தார். இரண்டும் புனைவு என்று நிரூபணமாகி, 2006 ஜனவரியில் அந்தக் கட்டுரைகள் நீக்கப்பட்டன. அந்தப் பொய்க்காகப் பெண்களிடமிருந்து எடுத்தது 2,000க்கும் மேற்பட்ட முட்டைகள். கொடுத்தவர்களில் அவருடைய ஆய்வுகூடத்தில் வேலை செய்த இளம் பெண்களும் இருந்தார்கள். மேலதிகாரி கேட்கும்போது சம்பளம் வாங்குகிற பிள்ளை எப்படி மாட்டேன் என்று சொல்லும்? அறம் என்று நான் சொல்வது இதைத்தான். கடவுளை நான் இழுக்கவே இல்லை.

விஞ்ஞானம் இதனால் நின்றுபோகவும் இல்லை. 2006ல் ஜப்பானின் ஷின்யா யமனாகா, எலியின் தோல் கலத்துக்குள் நான்கே மரபணுக்களைச் செலுத்தி அதை முளையக் கலம் போல மாற்றினார். மறுவருடம் மனிதக் கலத்திலும் அது கைகூடியது. முட்டை வேண்டாம், வாடகைத்தாய் வேண்டாம். 1962லேயே தவளையின் குடற்கலத்தின் கருவை முட்டையில் வைத்து வளர்த்துக் காட்டிய ஜோன் கேர்டனோடு சேர்ந்து அவருக்கு 2012ல் நோபல் பரிசு கிடைத்தது.

உங்கள் தம்பியின் விஷயம் இன்னும் இருக்கிறது. பேரன் என்றால் பெயரன், பாட்டனின் பெயரைச் சுமப்பவன். பெயரைக் கொடுத்தோமே தவிர, பாட்டனாகவே இரு என்று எந்தப் பிள்ளையையும் நாம் கேட்டதில்லை. குளோன் செய்து பிறக்கிற பிள்ளையிடம் அதைத்தான் கேட்போம். அவனுக்குத் தண்ணீரைக் கண்டால் பயமாக இருந்தால்? கடலே வேண்டாம், தையல் பழகப் போகிறேன் என்றால்? உங்கள் அம்மா சுவரில் இருக்கும் படத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குக் கீழே அவன் வளரவேண்டும்.

நாய் விஷயத்தில், பணம் உங்களுடையது. அனுப்புமுன் அந்த நிறுவனத்துக்கு எழுதி, ஒரு குட்டிக்காக எத்தனை பெட்டை நாய்களைப் பயன்படுத்துகிறார்கள், பிழைக்காத குட்டிகள் எத்தனை என்று கேளுங்கள். பதில் வந்தால் எனக்கு அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.