நொதியா, மேகமா?

மதிப்பிற்குரிய ஐயா,

ஊட்டியில் ஆய்வு மாணவி நான். கொழுப்பைச் சிதைக்கும் புரதமான லைபேஸ் நொதியைச் சிலிக்காத் துகள்களில் பிணைத்து, அகச்சிவப்பு நிறமாலை எடுக்கிறேன். பிணைத்தபின் செயல்திறன் பாதியாகிவிட்டது. ஜூலையில் எடுத்த அளவீடுகளில், புரதத்தின் மடிப்பைக் காட்டும் அமைடு-1 பட்டையின் இரண்டாம் வகைக்கெழுவில் (நெருங்கிய முகடுகளைப் பிரித்துக் காட்டும் கணக்கு) புதிதாகச் சிறு முகடுகள் தெரிகின்றன. நொதி மடிப்பு கலைந்து உருக்குலைந்துவிட்டது என்று எழுதலாமா? வேறு கருவி தேவையா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கருவிப் பேச்சை விடுங்கள், இருப்பதே போதும். செயல்திறன் குறைய உருக்குலைவுதான் காரணம் என்றில்லை. நொதி வேலை செய்யும் முகம் சிலிக்காவின் பக்கம் திரும்பி ஒட்டிக்கொண்டாலும் குறையும்.

ஜூலை என்கிறீர்கள், ஊட்டி என்கிறீர்கள். ஈரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லையே! இது எனக்குக் கோபம் தருகிறது. உருக்குலைவு என்று நீங்கள் அச்சில் ஏற்றினால், அதை நம்பி இன்னொரு பிள்ளை ஓராண்டைத் தொலைக்கும்.

நானே தொலைத்திருக்கிறேன். இதே மலையில், ஜன்னல் வழியே மேகம் உள்ளே வரும் ஓர் ஆய்வகத்தில், மூன்று மாத அளவீடுகளோடு பூரித்துப்போய் என் ஆசிரியர் முன் நின்றேன். புரதத்தின் மடிப்புகள் தனித்தனியாகத் தெரிகின்றன என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாதிரியை வெளியே எடுத்தார். கருவியின் மூடியைத் திறந்து உள்ளே மெல்ல ஊதினார். மூடிவிட்டு, ஓட்டச் சொன்னார். நொதியே இல்லாத அந்தத் தாளில் என் முகடுகள் அத்தனையும் அதே இடங்களில், இன்னும் உயரமாக எழுந்து நின்றன.

காற்றிலுள்ள நீராவியின் கூரிய கோடுகள் 1400 முதல் 1800 அலையெண் (ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலைகள் என்ற அளவு) வரை நெருக்கமாக நிற்கின்றன. அமைடு-1 பட்டை 1600க்கும் 1700க்கும் நடுவே, அந்தக் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. வகைக்கெழு எடுத்தால் புரதத்தின் அகன்ற பட்டை அடங்கும், நீராவியின் கூர்கோடு பெருகும். உங்கள் தாளில் 1750க்கு மேலே பாருங்கள். அங்கே புரதத்துக்கு வேலையில்லை. பல்வரிசை தெரிந்தால் அது மேகம்தான்.

கருவிக்குள் இருக்கும் உலர்த்தி மணிகள் நீலமா, இளஞ்சிவப்பா? வெளுத்துச் சிவந்திருந்தால் இன்றே மாற்றுங்கள். பொட்டாசியம் புரோமைடு சன்னல் இருந்தால் அதையும் ஈரம் மங்கச் செய்துவிடும். உலர்ந்த நைட்ரஜனை ஓடவிட்டு, நொதியில்லாத சிலிக்காவையும் நொதியோடு கூடியதையும் ஒரே காலையில் எடுங்கள். பிறகு வெறுங்கருவிக்குள் ஊதி ஒரு நிறமாலை எடுத்து, உங்கள் முகடுகளின் மேல் வைத்துப் பாருங்கள்.

பொருந்தாமல் ஒன்றிரண்டு மிஞ்சினால் எனக்கு அனுப்புங்கள், அம்மா. உங்கள் நொதியைப் பற்றி அப்போது பேசுவோம்.