எண்ணை எழுதிவிட்டு எஞ்சினைத் தொடுங்கள்

அன்புள்ள ஐயா,

இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இரண்டு மாதமாக கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் விளையாட்டை வைத்து விண்கலம் ஓட்டக் கற்றுவருகிறேன். ஆசிரியர் யாரும் இல்லை. யூடியூப் பார்த்து அதன் நிலவான ‘மன்’னில் இறங்கிவிட்டேன். ஆனால் இரண்டு கலங்களை இணைக்க முடியவில்லை. 100 கி.மீ. உயரத்தில், ஒரே சுற்றுப்பாதையில், இலக்கு 10 கி.மீ. முன்னால் போகிறது. அதை நோக்கித் திரும்பி எஞ்சினை எரித்தால் கொஞ்ச நேரம் நெருங்குகிறேன், பிறகு விலகிவிடுகிறேன். இருபது தடவைக்கு மேல் முயன்றாயிற்று. வீட்டில் “கேம் ஆடிக் கெட்டுப்போகிறான்” என்கிறார்கள். இது கற்றல்தானா? ஆன்லைன் கோர்ஸ் ஏதாவது சேரட்டுமா? தமிழில் இதற்குப் புத்தகம் உண்டா?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

கோர்ஸ் இப்போது வேண்டாம். வீட்டில் வாதாட வேண்டாம், அரியர் வைக்காமல் இருந்தால் போதும். புத்தகம் உங்கள் வீட்டுப் பரணிலேயே இருக்கும்: பதினோராம் வகுப்பு இயற்பியல், ஈர்ப்பியல் பாடம். அதில் சுற்றுப்பாதையின் அளவையும் சுற்றுக்காலத்தையும் இணைக்கும் கெப்ளரின் மூன்றாம் விதி ஒன்றே இந்தச் சிக்கலுக்குப் போதும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது “இருபது தடவைக்கு மேல்” என்ற சொல். தானாகக் கற்கிறவர்கள் எந்த இடத்தில் தேங்கி நின்றுவிடுகிறார்கள் என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் நிற்பது சரியாக அந்த இடம்.

முதலில் ஓர் ஆறுதல். 1965 ஜூன் 3 அன்று ஜெமினி 4 கலத்தில் போன ஜேம்ஸ் மெக்டிவிட், தன்னை ஏற்றிவந்த டைட்டன் ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கை நெருங்கப் பார்த்தார். அதை நோக்கித் திருப்பி உந்தினார். அது விலகிப் போனது. மறுபடி உந்தினார், மறுபடி விலகியது. உந்துபொருளில் ஏறக்குறையப் பாதி தீர்ந்த பிறகு முயற்சியைக் கைவிட்டார்கள். தேர்ந்த சோதனை விமானி அவர். விமானத்தில் பழகிய கை சொன்னதைச் சுற்றுப்பாதை கேட்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று ஜெமினி 6ஏ கலம் கணக்குப்படி பாதையை மாற்றி மாற்றிப் போய், ஜெமினி 7 கலத்துக்கு ஓரடி தூரம்வரை நெருங்கி நின்றது.

இப்போது உங்கள் கலத்துக்கு வருவோம். விளையாட்டில் பூமியின் இடத்தில் இருக்கும் கெர்பின் கோளின் ஆரம் 600 கி.மீ. அதன் மேல் 100 கி.மீ. உயரத்தில் கலத்தின் வேகம் விநாடிக்கு 2,246 மீட்டர், ஒரு சுற்றுக்கு 1,958 விநாடி. நீங்கள் இலக்கை நோக்கி, அதாவது போகும் திசையிலேயே, 20 மீ/வி கூட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று நிமிடம் தூரம் குறையும், 10 கி.மீ. ஏழரையாகும். உங்களை ஏமாற்றுவது இந்த மூன்று நிமிடம்தான். கூடின வேகம் உங்கள் பாதையை மேலே தூக்குகிறது. பாதை பெரிதானால் சுற்றுக்காலமும் கூடும். ஒரு சுற்று முடித்து நீங்கள் பழைய இடத்துக்கு வருவதற்குள் 54 விநாடி பிந்திவிடுவீர்கள். இலக்கு அப்போது 130 கி.மீ. முன்னால் போயிருக்கும்.

பிடிக்க வேண்டுமானால் வேகத்தைக் குறைக்க வேண்டும். 10 கி.மீ. என்பது அந்த வேகத்தில் 4.45 விநாடி. ஆகவே உங்கள் சுற்றுக்காலம் 4.45 விநாடி குறைந்தால் போதும். கெப்ளர் விதியில் போட்டுப் பார்த்தால் பாதையின் எதிர்முனை 2 கி.மீ. சொச்சம் இறங்க வேண்டும் என்று வரும். அதற்குத் தேவை ரெட்ரோகிரேட் திசையில், அதாவது போகும் திசைக்கு எதிராக, வெறும் 1.7 மீ/வி. பொறுமையாக ஒரு சுற்று, முப்பத்திரண்டரை நிமிடம். திரும்பி வரும்போது இலக்கு பக்கத்தில் நிற்கும். அங்கே அதே 1.7 மீ/வி முன்னோக்கிக் கொடுத்தால் இருவர் வேகமும் ஒன்றாகிவிடும்.

இதில் சறுக்கும் இடங்கள் இரண்டு. இலக்கின் அருகே வந்ததும் நேவ்பால் (திரையில் திசை காட்டும் உருண்டை) தானாக ‘டார்கெட்’ நிலைக்கு மாறிவிடும். அப்போது அது காட்டும் ரெட்ரோகிரேட், இலக்கைப் பொறுத்தது. வேகம் காட்டும் பெட்டியைச் சொடுக்கி ‘ஆர்பிட்’ நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் எரிக்க வேண்டும். இரண்டாவது, ஐந்து டன் கலத்தில் 60 கிலோநியூட்டன் எஞ்சினை முழுதாகத் திறந்தால் 1.7 மீ/வி என்பது ஏழில் ஒரு விநாடி வேலை, விரலை எடுப்பதற்குள் தாண்டிவிடும். எஞ்சின்மேல் வலச்சொடுக்கு போட்டு உந்துவரம்பை 5 சதவீதத்துக்கு இறக்குங்கள், அல்லது கலத்தை மெல்ல நகர்த்தும் சிறிய ஆர்.சி.எஸ். குழல்களை மட்டும் பயன்படுத்துங்கள்.

இனி கோபமாகச் சில வார்த்தை சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த இருபது தடவையில் ஒரு தடவையாவது, எரிப்பதற்கு முன்னால் “ஒரு சுற்றுக்குப் பிறகு தூரம் இவ்வளவு இருக்கும்” என்று ஓர் எண்ணை எழுதினீர்களா? கடிதத்தில் ஓர் எண்கூட இல்லை, 100-ஐயும் 10-ஐயும் தவிர. எரித்தீர்கள், விலகியது, எஃப்9 அழுத்திப் பழைய இடத்துக்குப் போனீர்கள், மறுபடி எரித்தீர்கள். அது இருபது முயற்சி அல்ல, ஒரே முயற்சியை இருபது முறை செய்தது. மன்னில் இறங்கியதையும் இதே கணக்கில்தான் வைக்கிறேன். மன்னுக்குக் கிளம்ப வீடியோக்காரர் 860 மீ/வி என்றார், 860 கொடுத்தீர்கள். 800 கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது.

கற்பனை உலகமானாலும் அது பொய் சொல்லாது. ஆனால் கேட்டதற்குத்தான் பதில் சொல்லும். நீங்கள் எண் வைக்காதபோது அதற்குக் கிடைக்கும் கேள்வி “சேர்ந்ததா, சேரவில்லையா” என்பது மட்டும். பதிலும் அவ்வளவுதான். “130 கி.மீ. ஆகும்” என்று எழுதி, 131 வந்தால் நீங்கள் ஏதோ தெரிந்தவர். 12 என்று எழுதி 130 வந்தால், இடையில் இருக்கும் 118 கிலோமீட்டர்தான் அன்றைய பாடம்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பக்கத்துக்கு நான்கு கோடு: என்ன மாற்றினேன், என்ன வரும் என்று நினைத்தேன், என்ன வந்தது, ஏன். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். கோணத்தையும் வேகத்தையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று பிரம்மாவுக்கும் தெரியாது. எஃப்9 பொத்தானைத் தொடுவதற்கு முன் நான்காவது கோடு நிரம்பியிருக்க வேண்டும். தானாகப் பறக்கவைக்கும் மோட் (விளையாட்டோடு சேர்க்கும் துணைநிரல்) போட்டிருந்தால் கழற்றுங்கள். கணக்கில் பிழை வரட்டும், கவலையே இல்லை. எழுதாமல் விட்ட பிழைதான் திரும்பத் திரும்ப வருகிறது.

விளையாட்டு சுருக்கிக் காட்டும் விஷயங்களையும் நோட்டில் தனிப் பக்கத்தில் குறித்துவையுங்கள். அங்கே ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோளின் ஈர்ப்புதான் உண்டு, அதனால் இரண்டு கோள்களின் ஈர்ப்பு சேர்ந்து உண்டாக்கும் சமநிலை இடங்களான லக்ராஞ்சு புள்ளிகள் கிடையாது. கெர்பினில் தரையிலிருந்து பாதைக்குப் போக எஞ்சின் மொத்தம் 3,400 மீ/வி கொடுத்தால் போதும், பூமியில் 9,400 வேண்டும். ஆனால் பிடிக்கும் கணக்கு இரண்டுக்கும் ஒன்றே. 2025 ஜனவரி 16 அன்று இஸ்ரோ தன் இரண்டு ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்களை இணைத்ததும் இதே விதிக்குள் நின்றுதான்.

அடுத்த சனிக்கிழமைக்கு ஒரு வேலை. இலக்கை 10 கி.மீ. பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் திசையில், எத்தனை மீ/வி என்று எழுதிவிட்டு எரியுங்கள். பிறகு தூரத்தை 5, 20, 40 என்று மாற்றிப் பாருங்கள். தேவையான வேக மாற்றம், தூரத்தைச் சுற்றுக்காலத்தின் மூன்று மடங்கால் வகுத்தால் வருவதற்கு மிக அருகில் இருக்கும். பூமிக்கு 400 கி.மீ. மேலே சுற்றுக்காலம் 5,550 விநாடி, ஆக அங்கே 10 கி.மீ.க்கு 0.6 மீ/வி. அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்பதைக் கெப்ளர் விதியிலிருந்து நீங்களே வருவித்து எனக்கு எழுதுங்கள். நோட்டின் முதல் பத்துப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள், அடித்தல் திருத்தலோடு.

அன்புடன்.