ஏற்காட்டில் வீட்டு வாசலில் காட்டெருமை நின்றால் என்ன செய்வது?

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருங்கள். காபித் தோட்டமும் காடும் கலந்து கிடக்கும் சேர்வராயன் மலையில், அது மேய்ந்துபோகும் வழியில் வீடு நிற்கிறது, அவ்வளவுதான். வளர்ந்த காளை ஆயிரம் கிலோவைத் தொடும். ஆனாலும் தின்பது புல்லும் தழையும்தான், வழிவிட்டால் பெரும்பாலும் தானே நகர்ந்துவிடும்.

வெளியே எதிர்ப்பட்டுவிட்டால் கவனியுங்கள். தலையைத் தாழ்த்திச் சீறினாலோ, பக்கவாட்டில் திரும்பித் தன் உருவத்தைக் காட்டினாலோ எச்சரிக்கிறது என்று பொருள். ஓடாமல் மெல்லப் பின்வாங்குங்கள். நாயைக் கட்டிவையுங்கள், குரைத்து வம்பை இழுத்துவிடும். செல்ஃபிக்காக நெருங்குபவர்களை என்ன சொல்ல! பைக்கில் வருகிறவர்கள் தள்ளி நிறுத்தி, ஹாரன் அடிக்காமல் காத்திருக்கலாம்.

கல்லெறியாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. வெகுநேரம் நகராவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.