எல்லை தாண்டும் கைத்துப்பாக்கி: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் முறைப்படி வாங்கிய கைத்துப்பாக்கியோடு ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் பயணம் செய்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில்.

ஸ்க்ராண்டன் வாசகர்: பென்சில்வேனியாவில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்ல பெர்மிட் வைத்திருக்கிறேன். குடும்பத்தோடு காரில் நியூ ஹாம்ப்ஷயர் போகிறோம். வழியில் நியூ யார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ் வருகின்றன. என் பெர்மிட் அங்கெல்லாம் செல்லுமா?

மூன்றிலும் செல்லாது. டிரைவிங் லைசென்ஸ் மாதிரிதான் இதுவும் என்று நினைத்துத்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். டிரைவிங் லைசென்ஸை எல்லா மாநிலங்களும் ஏற்கின்றன. துப்பாக்கி பெர்மிட்டை ஏற்பதும் மறுப்பதும் அந்தந்த மாநிலத்தின் விருப்பம்.

2013இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு பெண்ணை நியூ ஜெர்சியில் போலீஸ் சாதாரணப் போக்குவரத்துச் சோதனைக்காக நிறுத்தியது. தன்னிடம் பெர்மிட்டும் துப்பாக்கியும் இருப்பதை அவரே அதிகாரியிடம் சொன்னார். பெர்மிட் பென்சில்வேனியாவுடையது, துப்பாக்கியில் தோட்டா இருந்தது. கட்டாயச் சிறைத்தண்டனை உள்ள பிரிவில் வழக்கு பாய்ந்தது. 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி பொதுமன்னிப்பு அளித்த பிறகுதான் அந்தப் பெண் முழுமையாக மீண்டார்.

உங்களுக்குத் துணை நிற்பது பெர்மிட் இல்லை, 1986ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம். அதன் 926-ஏ பிரிவு, கடந்துபோகும் மாநிலத்தின் சட்டம் எதுவாக இருந்தாலும் பயணிக்குப் பாதுகாப்பு தருகிறது. ஆனால் நிபந்தனைகள் கறாரானவை. புறப்படும் இடம், போய்ச் சேரும் இடம் இரண்டிலும் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுத்துச்செல்லவும் உங்களுக்குச் சட்டப்படி உரிமை வேண்டும். துப்பாக்கி காலியாக இருக்க வேண்டும். துப்பாக்கியோ தோட்டாவோ பயணிகள் உட்காரும் பகுதியிலிருந்து கைக்கு எட்டக் கூடாது. நியூ ஹாம்ப்ஷயரில் 2017 முதல் பெர்மிட் இல்லாமலே எடுத்துச்செல்லலாம் என்பதால், சட்டத் தடை எதுவும் இல்லாத உங்களுக்கு இரண்டு முனையும் சரி. அதே பயணத்தில் பாஸ்டன் நண்பர் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகலாம் என்று திட்டமிட்டால், பாஸ்டனே ஒரு போய்ச்சேரும் இடமாகிவிடுகிறது. மாசசூசெட்ஸ் உரிமம் இல்லாதவருக்கு அங்கே இந்தப் பிரிவு கைகொடுக்காது.

தோட்டாக்களை அடுக்கி வைக்கும் கூடான மேகசினையும் கவனியுங்கள். அந்தப் பிரிவு துப்பாக்கியைச் சொல்கிறது, தோட்டாவைச் சொல்கிறது. மேகசின் என்ற சொல்லே அதில் இல்லை. நியூ யார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ் மூன்றும் 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினைக் கட்டுப்படுத்துகின்றன. 15 தோட்டா மேகசினை வீட்டில் வைத்துவிட்டு 10 தோட்டா மேகசினோடு கிளம்புங்கள். நியூ ஜெர்சி வழியாகப் போவோர் முனையில் குழி உள்ள ஹாலோ பாயின்ட் தோட்டாவையும் வீட்டிலேயே விடுவது நல்லது. அங்கே அதற்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு.

சார்லட் வாசகர்: என்னிடம் இருப்பது எஸ்யூவி. தனி டிரங்க் கிடையாது. பின்சீட்டுக்குப் பின்னால் வைத்தால் போதுமா?

போதாது. பின்சீட்டுக்குப் பின்னால் உள்ள இடம் பயணிகள் பகுதியோடு திறந்தே இருப்பதால் அது தனி அறை ஆகாது. இப்படிப்பட்ட வண்டியில் துப்பாக்கியும் தோட்டாவும் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. குளோவ் பாக்ஸும் நடு கன்சோலும் பூட்டு உள்ளவையாகவே இருந்தாலும் கணக்கில் சேராது. செடான் வைத்திருப்பவர்களும் பூட்டிய பெட்டியையே டிரங்கில் வைப்பது நல்லது. பின்சீட்டை மடக்கினால் டிரங்குக்குள் கை நீளும் கார்கள் நிறைய. அந்த வாதத்துக்கு இடமே தர வேண்டாம்.

காலி செய்யும் வரிசை மாறக் கூடாது. குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்து, விரலை டிரிக்கருக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மேகசினைக் கழற்றுங்கள். பிறகு துப்பாக்கியின் நகரும் மேல்பகுதியான ஸ்லைடை முழுதாக இழுத்துப் பின்னால் நிறுத்துங்கள். சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் இடமான சேம்பரில் இருந்த தோட்டா வெளியே விழும். சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தொட்டுப் பாருங்கள். மேகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்தால் ஒரு தோட்டா வெளியே விழும், அடுத்தது சேம்பருக்குள் ஏறும். பிறகு மேகசினைக் கழற்றிவிட்டு, காலியாகிவிட்டது என்று நம்பிப் பூட்டிவிடுவார்கள். ரிவால்வர் என்றால் சிலிண்டரைத் திறந்து ஒவ்வொரு துளையையும் எண்ணிப் பாருங்கள்.

மேகசினிலிருந்தும் தோட்டாக்களை எடுத்துவிடுங்கள். துப்பாக்கி தனியாக இருந்தாலும், தோட்டா நிரப்பிய மேகசினை வேறு கண்ணோடு பார்க்கும் மாநிலங்கள் உண்டு. துப்பாக்கிக்கு ஒரு பெட்டி, தோட்டாவுக்கு இன்னொரு பூட்டிய பெட்டி, சாவி டிரைவரிடம். பள்ளிகளைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்ற கூட்டாட்சிச் சட்டமும் காலியான, பூட்டிய பெட்டிக்குள் உள்ள துப்பாக்கிக்கு விலக்கு அளிக்கிறது. ஊருக்குள் கார் ஓட்டினால் ஏதாவது ஒரு பள்ளியைத் தாண்டாமல் இருக்க முடியாது.

டல்லாஸ் வாசகி: விமானத்தில் எடுத்துப் போக வேண்டும் என்றால் முறை என்ன? நேரடி விமானம் கிடைக்கவில்லை, நுவர்க்கில் மாற வேண்டும்.

முறை எளிது. காலியான துப்பாக்கி, வளையாத, பூட்டிய பெட்டியில். அந்தப் பெட்டி செக்-இன் பெட்டிக்குள். கைப்பையில் ஒருபோதும் இல்லை. பூட்டு மாட்ட எத்தனை துளை இருக்கிறதோ அத்தனையிலும் பூட்டு போடுங்கள். இரண்டு துளை உள்ள பிளாஸ்டிக் பெட்டியில் ஒரே பூட்டைப் போட்டால் மறுமூலையை நெம்பி விரலை நுழைக்கலாம். அந்தப் பெட்டியை ஏற்க மாட்டார்கள். சாவியோ எண்ணோ உங்களிடம் மட்டுமே இருக்க வேண்டும். தோட்டா, அதற்கென்று உள்ள அட்டை, பிளாஸ்டிக், மரம் அல்லது உலோகப் பெட்டியில் இருக்க வேண்டும். பைக்குள் உதிரியாகக் கிடக்கக் கூடாது. பெரும்பாலான நிறுவனங்கள் 11 பவுண்டு, அதாவது 5 கிலோ வரை அனுமதிக்கின்றன.

கியாஸ்க்கிலோ வாசல் ஓரத்திலோ பையைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். கவுன்டருக்குப் போய், ‘என் செக்-இன் பையில் காலியான துப்பாக்கி இருக்கிறது, அறிவிக்க வேண்டும்’ என்று சொல்லுங்கள். ‘துப்பாக்கி வைத்திருக்கிறேன்’ என்று மொட்டையாகத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவர்கள் பதறிவிடுவார்கள். ஒரு அறிவிப்பு அட்டையில் கையெழுத்து வாங்குவார்கள். பை சோதனையில் தேறும்வரை கவுன்டர் பக்கத்திலேயே இருங்கள். பெட்டியைத் திறக்கச் சொன்னால் சாவி உங்களிடம்தான் இருக்கிறது.

கிளம்பும் முன் கைப்பையின் எல்லா அறைகளையும் கொட்டிப் பாருங்கள். 2023இல் மட்டும் விமான நிலையப் பயணிகளைச் சோதிக்கும் அரசு அமைப்பான டிஎஸ்ஏவின் சோதனைச் சாவடிகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. பத்தில் ஒன்பதுக்கு மேல் தோட்டாவோடு இருந்தவை. மாட்டியவர்களில் பலர் சொன்ன பதில் ‘பையில் இருந்ததை மறந்துவிட்டேன்’ என்பதுதான். அபராதம் ஆயிரக்கணக்கான டாலர், சோதனையை விரைவாக முடிக்க உதவும் டிஎஸ்ஏ பிரீசெக் சலுகையும் 5 ஆண்டுவரை போகலாம். துப்பாக்கி இல்லாத வெறும் மேகசினும் கைப்பையில் கூடாது.

இப்போது நியூ ஜெர்சியில் உள்ள நுவர்க். 2005இல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியா போன ஒருவர் நுவர்க்கில் அடுத்த பயணத்தைத் தவறவிட்டார். பையைக் கையில் வாங்கிக்கொண்டு ஹோட்டலில் ஓர் இரவு தங்கினார். மறுநாள் காலை விதிப்படி கவுன்டரில் துப்பாக்கியை அறிவித்தார். கைதானார். குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டது என்றாலும், அவர் தொடுத்த வழக்கில் 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இதுதான்: ஹோட்டலில் துப்பாக்கி அவர் கைக்கு எட்டும் நிலையில் இருந்தது, ஆகவே 926-ஏ பாதுகாப்பு இல்லை. தாமதம் விமான நிறுவனத்தால் வந்தது என்பது அவரைக் காப்பாற்றவில்லை.

எனவே முடிந்தால் நுவர்க், நியூ யார்க்கின் கென்னடி, லாகார்டியா ஆகிய மூன்று விமான நிலையங்களையும் தவிர்த்து வேறு ஊரில் மாறுங்கள். அங்கேதான் மாற வேண்டும், விமானமும் ரத்தாகிவிட்டது என்றால், பையைத் தொடாதீர்கள். நிறுவனமே இரவு முழுக்க வைத்திருந்து மறுநாள் ஏற்றும்படி கேளுங்கள். மாற்றுச் சட்டையும் மருந்தும் கைப்பையில் இருந்தால் அந்தப் பை தேவைப்படவே போவதில்லை.

சன்னிவேல் வாசகர்: எனக்குக் கிரீன் கார்டு, மனைவிக்கு இன்னும் எச்-4 (எச்-1பி போன்ற விசாவில் உள்ளவரின் துணைக்கான விசா). நீண்ட பயணத்தில் அவரும் கார் ஓட்டுவார். சிக்கல் வருமா?

நம்மவர் வீடுகளில் அடிக்கடி எழ வேண்டிய கேள்வி. கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற குடியேறா விசாவில் உள்ளவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிக் குற்றம். வேட்டை உரிமம் வைத்திருப்போர் போன்ற சிலருக்கு மட்டுமே விலக்கு. 2022 முதல் உச்ச தண்டனை 15 ஆண்டு. ‘வைத்திருப்பது’ என்றால் கையில் பிடிப்பது மட்டும் இல்லை; தன் கட்டுப்பாட்டில் இருப்பதையும் சேர்த்தே நீதிமன்றங்கள் பார்க்கின்றன. நீங்கள் ஹோட்டலில் தூங்க, அவர் தனியாக காரில் பெட்ரோல் போடப் போனால், டிரங்கில் உள்ள பெட்டி யார் கட்டுப்பாட்டில் என்ற கேள்வி வரும். பெட்டியின் சாவியும் எண்ணும் உங்களிடம் மட்டும் இருக்கட்டும். அவர் தனியாக ஓட்டும் நேரத்தில் பெட்டி காரில் வேண்டாம்.

உங்களுக்கும் ஒன்று. கிரீன் கார்டு உள்ளவர் துப்பாக்கி வைத்திருக்கலாம், ஆனால் துப்பாக்கிச் சட்டத்தை மீறியதாகத் தீர்ப்பு வந்தால் அதுவே நாடுகடத்தலுக்குக் காரணமாகலாம். குடிமகனுக்கு அபராதத்தோடு முடியும் பிழை உங்களுக்கு இந்த நாட்டு வாழ்க்கையையே பறிக்கக்கூடும். வழக்கு என்று வந்தால் சமரசத்துக்குக் கையெழுத்திடும் முன் குடியேற்ற வழக்கறிஞரையும் கேளுங்கள்.

டெட்ராய்ட் வாசகர்: பஃபலோவுக்கு ஒன்டாரியோ வழியாகப் போனால் தூரம் குறைவு. டொரன்டோவில் உறவினரையும் பார்க்கலாம். பெட்டி டிரங்கிலேயே பூட்டியிருக்கும்.

வேண்டாம். 926-ஏ அமெரிக்க எல்லையோடு முடிகிறது. கனடாவில் கைத்துப்பாக்கி கட்டுப்படுத்தப்பட்ட வகை. 2022 ஆகஸ்டிலிருந்து தனிநபர் கொண்டுவருவதையும் அங்கே தடுத்துவிட்டார்கள். ஒஹையோ வழியாகச் சுற்றிப் போனாலும், பஃபலோதான் போய்ச்சேரும் இடம் என்றால் நியூ யார்க் உரிமம் இல்லாமல் அந்தப் பயணமும் பாதுகாப்புக்குள் வராது. இந்த முறை துப்பாக்கி வீட்டுப் பெட்டகத்திலேயே இருக்கட்டும்.

சிகாகோ வாசகி: ரயிலில் கொண்டுபோகலாமா?

தேசியப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கில் முடியும். ஏறும் நிலையம், இறங்கும் நிலையம், ரயில் மூன்றிலும் செக்-இன் பை வசதி இருக்க வேண்டும். பயணத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு தொலைபேசியில் சொல்ல வேண்டும். இணையத்தில் பதிவு செய்ய முடியாது. ரயில் புறப்பட அரை மணி நேரம் முன்பாவது பையைக் கொடுத்துவிடுங்கள். தோட்டாவுக்கு இங்கேயும் 11 பவுண்டு வரம்பு. ரயில் கடந்துபோகும் மாநிலங்களுக்கும் இறங்கும் ஊருக்கும் மேலே சொன்ன விதிகளே பொருந்தும்.