பொக்லைனுக்கு முன்னால் சர்வேயர்

கேள்வி: திருவொற்றியூரில் குடியிருக்கிறேன். மீஞ்சூருக்குக் கிழக்கே, பக்கிங்காம் கால்வாயை ஒட்டி அப்பா விட்டுப்போன 3 ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. அகலம் 60 மீட்டர், கால்வாயிலிருந்து உள்ளே 200 மீட்டர். உப்பு ஏறி நெல் சரியாக வருவதில்லை. வடக்கே பக்கத்துக்காரர் நெல் வயல், தெற்கே தரிசு. குளம் வெட்டி இறாலோ கொடுவாவோ விடலாம் என்று யோசனை. கால்வாய்க் கரையையே ஒரு பக்கக் கரையாக வைத்துக்கொண்டால் செலவு மிச்சம் என்கிறார் பொக்லைன்காரர். சொந்த நிலத்தில் குளம் வெட்ட அனுமதி தேவையா ஐயா?

பதில்: பொக்லைன்காரருக்கு மணிக்கணக்கில் கூலி, அவர் அப்படித்தான் சொல்வார். கால்வாய்க் கரை உங்களுடையது அல்ல, புறம்போக்கு. அதில் ஒரு கூடை மண்கூடக் கொட்டாதீர்கள். இன்று அதில் படகு ஓடவில்லைதான். ஆனால் ஆந்திரத்திலிருந்து விறகும் உப்பும் சென்னைக்கு வந்த வழி அது. 2008இல் தேசிய நீர்வழி 4 என்று அறிவிக்கப்பட்ட பாதையில் அதுவும் அடக்கம். படகை விடுங்கள், ஐப்பசி கார்த்திகையில் மழைத் தண்ணீர் எண்ணூர் முகத்துவாரத்துக்கு ஓடுவதும் அதன் வழியாகத்தான். கரையை நீங்கள் ஓர் அடி உள்ளே தள்ளினால் அந்தத் தண்ணீர் எதிர்க்கரை ஊருக்குள் ஏறும்.

அனுமதி விஷயத்துக்கு வருகிறேன். கடல், ஆறு, கழிமுகம், காயல் இவற்றின் உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது ஓதம் ஏறும்போது தண்ணீர் தொடும் எல்லையிலிருந்து, 2 கிலோமீட்டருக்குள் உப்புநீரில் எதை வளர்த்தாலும் 2005ஆம் ஆண்டு கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் பொருந்தும். பட்டா நிலம் என்றாலும் பதிவு செய்யாமல் தொடங்க முடியாது. ‘இறாலுக்குத்தானே சட்டம், கொடுவாவுக்கு இல்லையே’ என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். மீனுக்கும் உண்டு.

நான் இறாலுக்கு எதிரி அல்ல. ஆனால் உங்கள் நிலத்தின் கணக்கே ஒத்துவரவில்லை. ஆணையத்தின் வழிகாட்டுதல்படி கால்வாய்க்கும் பண்ணைக்கும் நடுவே மண்ணைப் பொறுத்து 50 முதல் 100 மீட்டர் இடைவெளி விட வேண்டும். 50 என்றே வைத்துக்கொண்டாலும் 200 மீட்டரில் 150தான் மிச்சம். அதே இடைவெளியைப் பக்கத்து விளைநிலத்துக்கும் விட வேண்டும். உங்கள் மொத்த அகலமே 60. வடக்கே நெல் வயல் இருக்கும்வரை, 10 மீட்டர் துண்டில் இறால் குளம் எங்கே வெட்டுவது? உப்புநீர்க் குளத்தை மறந்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து.

அதற்குப் பதில் மழைநீர்க் குட்டை வெட்டி, வந்த மண்ணால் வயலை உயர்த்தலாம். கால்வாய்ப் பக்கம் 50 மீட்டரை அப்படியே விடுங்கள். ஓதம் ஏறும் இடமாக இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியும் அங்கே குறுக்கே வரும். கரை போட்டு, மேடாக்கி கடல்நீரின் இயல்பான போக்கை மறிப்பதற்கு அதில் தடை. மீதி 9,000 சதுர மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 45க்கு 40 மீட்டரில் ஒரு குட்டை. ஆழம் 4 அடி போதும். கரைக்குப் போக மிச்ச மண்ணைப் பரப்பினால் வயல் முக்கால் அடி ஏறும். உயர்ந்த மண்ணிலிருந்து உப்பை இரண்டு மூன்று மழைக்காலம் கழுவி இறக்கும். திருச்சி 1 போல உப்பைத் தாங்கும் நெல்லை முதலில் போட்டுப் பாருங்கள்.

ஆழத்தில் பேராசை வேண்டாம். மீஞ்சூர் வட்டாரத்தில் பல ஆண்டுகளாக நிலத்தடி நீரை உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே வந்துவிட்டது உங்களுக்குத் தெரிந்ததே. ஆழமாக வெட்டினால் மழைநீர் தேங்குவதற்கு முன் அடியிலிருந்து உப்புநீர் ஊறும். மாசியில் மண்வெட்டியால் ஒரு குழி எடுங்கள். ஊற்று எந்த ஆழத்தில் வருகிறதோ, அதற்கு ஒன்றரை அடி மேலேயே குட்டையை நிறுத்த வேண்டும். ஊற்று மேலாக இருந்தால் 4 அடியும் வேண்டாம்.

அந்தக் குழி மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். கறுப்பாக, அழுகிய முட்டை வாடை அடித்தால் உஷார். நிழலில் இரண்டு மூன்று வாரம் உலர்த்தி, மண் ஆய்வுக்கூடத்தில் கார அமிலத் தன்மை (pH) பாருங்கள். 4க்குக் கீழே போனால் அந்த மண்ணை வயலில் பரப்பவே கூடாது. வாடை இல்லையென்றால், ஈரமண்ணை உருண்டை பிடித்துத் தோளுயரத்திலிருந்து போடுங்கள். உடையாமல் இருந்தால் கரைக்கு ஆகும். எப்படியானாலும் மேல்மண் அரை அடியை முதலில் வழித்து ஓரமாகக் குவித்துவிட்டு, கடைசியில் அதையே மேலே பரப்பச் சொல்லுங்கள். பொக்லைன்காரர் முணுமுணுப்பார், விடாதீர்கள்.

கரைச் சரிவு ஓர் அடி உயரத்துக்கு இரண்டு அடி. வயல் உயர்ந்தபின் உங்கள் தண்ணீர் வடக்கு வயலில் இறங்கும், அங்கிருந்துதான் சண்டை ஆரம்பிக்கும். அந்த வரப்போரம் மூன்றடி அகலத்தில் வடிகால் விடுங்கள். ஏற்கெனவே நிலத்தின் குறுக்கே ஓடை இருந்தால் அதை மூடக் கூடாது. மிஞ்சும் மண்ணை யாராவது விலைக்குக் கேட்டால் கொடுக்காதீர்கள், அதற்குக் கனிமவளத் துறையின் அனுமதி தனியாக வேண்டும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: தாலுகா அலுவலகத்தில் புலப்பட (நில அளவை வரைபடம்) நகல் வாங்கி, அளவைக்குப் பணம் கட்டுங்கள். கால்வாய்ப் பக்கம் எல்லைக்கல் நடும்போது வடக்கு வயல்காரரையும் கூப்பிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பங்குனிக்குள் இது முடிந்தால் சித்திரையில் வெட்டலாம், ஐப்பசி மழைக்குள் கரை இறுகிவிடும்.