சிறுநீர் சிவக்காத உண்ணிக்காய்ச்சல்: அனாப்ளாஸ்மா மாட்டை என்ன செய்யும்?

"சிறுநீர் எப்போதும்போலத்தானே போகிறது, இது எப்படி உண்ணிக்காய்ச்சல் ஆகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். காபி நிறத்தில் போனால் பபேசியா என்ற இன்னொரு உண்ணிக்காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும். அதில் சிவப்பணு இரத்தக்குழாய்க்குள்ளேயே உடைந்து, சாயம் சிறுநீரில் இறங்கிவிடும். அனாப்ளாஸ்மா மார்ஜினேல் என்ற பாக்டீரியா சிவப்பணுவுக்குள் குடியேறும். குடியேறிய அணுக்களை மண்ணீரல் பிடித்து அழித்துவிடும். இரத்தம் குறைந்துகொண்டே போகும், சிறுநீரில் தடயம் இருக்காது.

உண்ணி கடித்துப் பெரும்பாலும் 3, 4 வாரம் கழித்துத்தான் நோய் தெரியும். காய்ச்சல் 40 முதல் 41 டிகிரி செல்சியஸ், பால் சட்டென்று இறங்கும், அசை நிற்கும். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள்: முதலில் வெள்ளைத்தாள் வெளுப்பு, சில நாளில் மஞ்சள். சாணி இறுகிப்போகும். சினைமாடு கன்று வீசலாம். மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தால் சாதுவான மாடும் முட்ட வரும். ஓராண்டுக்குட்பட்ட கன்றுகள் பெரும்பாலும் லேசாகத் தாண்டிவிடும். 2 வயதுக்கு மேல் முதன்முறையாகப் பிடித்தால் உயிருக்கே ஆபத்து.

மருந்து போடும் முன் காதோர இரத்தக்குழாயிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவச் சொல்லுங்கள். ஜீம்சா என்ற சாயத்தை ஏற்றினால் சிவப்பணுவின் விளிம்பில் கருநீலப் பொட்டு தெரியும். பென்சிலின் இதற்குக் கேட்காது. நீடித்துச் செயல்படும் ஆக்சிடெட்ராசைக்ளின் கிலோவுக்கு 20 மி.கி.; 300 கிலோ மாட்டுக்கு, ஒரு மி.லி.யில் 200 மி.கி. உள்ள மருந்தில் 30 மி.லி. ஒரே இடத்தில் முழுவதையும் ஏற்றினால் தசை வீங்கிப் புண்ணாகும். இடத்துக்கு 10 மி.லி. என்று பிரித்து, மருத்துவர் கையால் போடுங்கள். புட்டியில் குறித்த நாள்வரை பால் விற்கக் கூடாது.

வெளுத்த மாட்டை மருத்துவமனைக்கு நடத்திக்கொண்டு போகாதீர்கள். நடந்த களைப்பிலேயே விழுந்து சாகலாம். மருத்துவரைத்தான் கொட்டிலுக்கு வரவழைக்க வேண்டும்.

பிழைத்த மாடு பெரும்பாலும் ஆயுள் முழுக்கக் கிருமியைச் சுமக்கும். அதனால் ஒரே ஊசியில் வரிசையாக எல்லா மாட்டுக்கும் போடுவதுதான் எனக்கு உண்ணியைவிடப் பெரிய பயம். கொம்பு சீவும் கத்தியும், காதுவில்லை போடும் இடுக்கியும் அப்படித்தான். உண்ணி மருந்தை ஒருமுறை தெளித்தால் போதாது. மாட்டு உண்ணி உடலில் ஏறி இறங்க ஏறக்குறைய 3 வாரம் ஆகும். இறங்கிய பெண் உண்ணி சுவர் விரிசலில் 2,000-க்கு மேல் முட்டையிடும். சுவரையும் சேர்த்து, மருந்துச் சீட்டில் சொன்ன இடைவெளியில் திரும்ப அடியுங்கள். பிடுங்கிய உண்ணியை வாசலில் எறியாமல் மண்ணெண்ணெயில் போடுங்கள்.