கேள்வி பதில்: லாக்கில் சிக்காத கட்டளை

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் போஸ்ட்கிரெஸ் 15 டேட்டாபேஸ். ஒரு பிரைமரி (முதன்மை சர்வர்), ஒரு ஸ்டாண்ட்பை (அதன் நகலை வைத்திருக்கும் சர்வர்). போன வாரம் பிரைமரியின் டிஸ்க் நிறைந்துபோனது. யாரும் உரிமை கொண்டாடாத ஒரு ரெப்ளிகேஷன் ஸ்லாட்தான் (நகலெடுக்கும் பக்கம் எதுவரை வாங்கியது என்று பிரைமரி வைத்திருக்கும் குறிப்பு) காரணம் என்று கண்டுபிடித்து அழித்துவிட்டேன். அதை உருவாக்கியது யார் என்று மேலாளர் துளைக்கிறார். கட்டளைகளை லாக்கில் எழுதச் சொல்லும் லாக்_ஸ்டேட்மென்ட் செட்டிங் 'ஆல்' என்றுதான் இருக்கிறது, லாக்கும் பழசெல்லாம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அந்த ஸ்லாட்டைப் பற்றி ஒரு வரி இல்லையே?
(பெயர் வேண்டாம் என்ற வாசகி, கோவை)

பதில்: அழித்ததில் தப்பில்லை. ஆள் வராத ஸ்லாட்டுக்காக 16 எம்பி வால் (WAL, டேட்டா மாற்றங்களைக் குறித்து வைக்கும்) ஃபைல்களை பிரைமரி சேர்த்து வைத்துக்கொண்டே இருக்கும்.

லாக்_ஸ்டேட்மென்ட் எஸ்க்யூஎல்லை மட்டுமே பார்க்கும். ஸ்டாண்ட்பையும் பிஜி_பேஸ்பேக்கப் போன்ற பேக்கப் கருவிகளும் பேசுவது தனி பாஷை: ஐடென்டிஃபை_சிஸ்டம், கிரியேட்_ரெப்ளிகேஷன்_ஸ்லாட், ஸ்டார்ட்_ரெப்ளிகேஷன். இவை 'ஆல்' போட்டாலும் லாக்கில் ஏறாது. இதிலேயே உங்களுக்கு ஒரு துப்பு இருக்கிறது. யாராவது உட்கார்ந்து செலக்ட் போட்டு ஸ்லாட்டை உருவாக்கியிருந்தால் அந்த வரி சிக்கியிருக்கும். சிக்கவில்லை என்றால், பெரும்பாலும் ஏதோ பேக்கப் ஸ்கிரிப்ட்டோ வேறு சர்வரில் போட்ட சப்ஸ்கிரிப்ஷனோதான் (உங்கள் டேட்டா மாற்றங்களை அங்கே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு). அந்தப் பக்கம் விசாரியுங்கள்.

இனிமேலுக்கு, லாக்_ரெப்ளிகேஷன்_கமாண்ட்ஸ் என்பதை 'ஆன்' செய்யுங்கள். போஸ்ட்கிரெஸ் 9.5-லிருந்தே இருக்கிறது, தானாக 'ஆஃப்'. பிரைமரியில் போட வேண்டும். கட்டளை வந்து சேரும் இடம் அதுதான். ரீலோட் செய்தால் (சர்வரை நிறுத்தாமல் செட்டிங்கை மறுபடி படிக்க வைத்தால்) போதும்.

இந்த ரீலோட் விஷயத்தில் நான் அசடு வழிந்த கதை ஒன்று உண்டு. முதன்முதலில் இதை ஆன் செய்து ரீலோட் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் லாக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. பொறுமை போய், பட்டப்பகலில் சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். வரிகள் வந்தன, கூடவே வசவும் வந்தது. ரீஸ்டார்ட் செய்தால்தான் இது வேலை செய்யும் என்று அதற்கப்புறம் ஜூனியர் பையன்களுக்கெல்லாம் பாடம் வேறு எடுத்தேன். உண்மை என்னவென்றால், ஸ்டாண்ட்பை ஏற்கெனவே இணைந்து, ஸ்டார்ட்_ரெப்ளிகேஷனை என்றைக்கோ சொல்லி முடித்திருந்தது. புதிதாகச் சொல்ல அதற்கு எதுவும் இல்லை. ரீஸ்டார்ட்டில் தொடர்பு அறுந்து மறுபடி இணைந்ததால் வரிகள் வந்தன, அவ்வளவுதான். நீங்கள் 'ஷோ' போட்டு 'ஆன்' என்று வருகிறதா பார்த்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

லாக் வீங்குமோ என்ற பயம் வேண்டாம். டேட்டா மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வரி வராது, கட்டளைக்குத்தான் வரும். சில நொடிக்கு ஒருமுறை அதே கட்டளைகள் வந்துகொண்டிருந்தால் ஸ்டாண்ட்பை இணைவதும் அறுவதுமாகத் தவிக்கிறது என்று அர்த்தம்.

லாக் வரி ஒவ்வொன்றின் முன்னாலும் என்ன வர வேண்டும் என்று சொல்லும் லாக்_லைன்_பிரிஃபிக்ஸையும் தொட்டுவிடுங்கள். அது தானாகத் தருவது நேரமும் பிராசஸ் எண்ணும் மட்டுமே. 'யார்' என்ற மேலாளரின் கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால் %யூ, %ஏ, %ஹெச் மூன்றையும் (ஆங்கிலச் சின்ன எழுத்தில்) சேர்க்க வேண்டும்: யூசர், அப்ளிகேஷன் பெயர், எந்த மெஷின். போஸ்ட்கிரெஸ் 17-க்குப் போனால் ஸ்லாட்டை ஒரு பிராசஸ் பிடித்ததும் விட்டதும்கூட இதே செட்டிங்கில் பதிவாகும்.

டிஸ்க்குக்குக் காவல் வேண்டுமென்றால் மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ்: ஸ்லாட்டுக்காகச் சேர்த்து வைக்கும் வால் ஃபைல்களுக்கு வரம்பு. தானாக இருப்பது -1, அதாவது வரம்பே கிடையாது. ரொம்பக் குறைவாக வைத்துவிடாதீர்கள். ஸ்டாண்ட்பை அதற்கு மேல் பின்தங்கினால் ஸ்லாட் செல்லாமல் போய், ஸ்டாண்ட்பையையே மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டி வரலாம்.